கொஞ்சம் ஓரமா நிறுத்துப்பா!

காரில் பிரேக் என்று ஒன்றை எதற்காக வைத்திருக்கிறார்கள்? என் அப்பாவைக் கேட்டால், ‘போய்ச் சேர்ந்ததும் நிறுத்துறதுக்கு’ என்பார். நடுவழியில் அதைத் தொடுவது அவர் அகராதியில் ஊதாரித்தனம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். விடிகாலை மூன்றரைக்கு வீட்டையே உருட்டி எழுப்பி, ‘ஆறு மணிக்குள்ள செங்கல்பட்டைத் தாண்டிட்டா கவலையில்ல’ என்பார். செங்கல்பட்டைத் தாண்டினதும் ‘விழுப்புரம் தாண்டிட்டா கவலையில்ல’. அப்புறம் திருச்சி, அப்புறம் மதுரை. ஏன் தாண்ட வேண்டும், தாண்டாவிட்டால் அப்படி என்ன கவலை... ஊஹூம், யாரும் கேட்கக் கூடாது. மிளகாய்ப்பொடி தடவின இட்லியை ஓடுகிற வண்டியிலேயே விழுங்கி, விக்கல் எடுத்தால் அடுத்த ஊரில் தண்ணீர் குடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமம் எங்களுடையது. தொண்ணூறுகளில் வருஷத்துக்கு இரண்டு தடவை வேன் பிடித்துக் குற்றாலம், திருச்செந்தூர் என்று போவோம். அந்த வேனுக்கு ஜன்னல் இருந்ததே தவிர, கதவு இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. நாங்கள் நின்று பார்த்த ஒரே சுற்றுலாத் தலம் ரயில்வே கேட்! அரசாங்கமே பார்த்து நிறுத்தினால்தான் உண்டு. கேட் மூடியதும் கூடைக்கார அம்மாக்கள் வெள்ளரிக்காயும் நுங்கும் கொண்டுவருவார்கள். ‘இன்னும் வரக்காணோமே’ என்று அப்பா தண்டவாளத்தை எட்டி எட்டிப் பார்ப்பார். ரயில் இன்னும் கொஞ்சம் லேட்டாக வரட்டும் என்று நான் முருகனை வேண்டிக்கொள்வேன்.

கழுகுமலையில் வெட்டுவான் கோயில் இருக்கிறதே, மலையை மேலிருந்து கீழே குடைந்து, பாண்டியர் காலத்தில் பாதியில் விட்டுவிட்ட எட்டாம் நூற்றாண்டு அதிசயம்... அது எங்கள் ஊரிலிருந்து குற்றாலம் போகிற வழியில்தான். அதன் அடிவாரத்தைச் சின்ன வயதில் முப்பது தடவையாவது தாண்டியிருப்பேன். உள்ளே போய்ப் பார்த்தது 28 வயதில், காலேஜ் நண்பன் ஒருவன் பைக்கில் கூட்டிப்போனபோது. அவன் ஊர் ஈரோடு!

இப்போது தாண்டுவதற்கு வசதி ஏகமாகப் பெருகிவிட்டது. ரயில்வே கேட் இருந்த இடத்தில் மேம்பாலம். ஊருக்கு ஊர் பைபாஸ். டோல்கேட்டிலாவது நாலு நிமிஷம் கால் நீட்டலாம் என்றால், 2021-லிருந்து பாஸ்டாக் கட்டாயம். காமிரா கண்ணடிக்கிறது, கட்டை தூக்குகிறது, போய்க்கொண்டே இருக்கிறோம். ஊரெல்லாம் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தாகிவிட்டது.

என் கதை இப்படி என்றால், என் மனைவி நேர்மாறு. அவள் ‘நிறுத்துகிற’ குடும்பத்திலிருந்து வந்தவள். ரோட்டோரம் ஒரு பலாப்பழம் தொங்கினாலே மாமனார் வண்டியை ஒடித்து நிறுத்திவிடுவார். சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போய்ச் சேர ஒரு பகல் முழுக்க எடுத்துக்கொண்ட சரித்திரம் அந்தக் குடும்பத்துக்கு உண்டு.

போன வருஷம் ஊரில் அம்மன் கோயில் கொடை. சென்னையிலிருந்து 550 கிலோமீட்டருக்கு மேல். என் செகண்ட் ஹேண்ட் காரில் அப்பா, அம்மா, மனைவி, ஏழு வயது மகள், நான். கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி மனைவி ஒரு பேப்பரோடு வந்தாள்.

“மாமா, இந்தத் தடவை வழியில அஞ்சு இடத்துல நிறுத்தறோம். லிஸ்ட் போட்டுட்டேன். உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?”

அப்பா உலகத்தில் யாரையும் எதிர்த்துப் பேசுவார், மருமகளைத் தவிர. மோட்டுவளையைப் பார்த்து, “எனக்கென்னம்மா, ஓட்டறவன் பாடு” என்றார்.

இந்த ‘ஓட்டறவன்’ என்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனிக்கவும். அப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது.

நான் பி.காம். ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் ஒன்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, எழுதிப் பிழைக்கலாம் என்று ராஜினாமா கடிதம் நீட்டினேன். அப்பா ஒரு ஜின்னிங் ஆலையில் 33 வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். உட்கார்ந்த நாற்காலியை விட்டு ரிட்டயர்மெண்ட் அன்றுதான் எழுந்தவர். கல்யாண வீடு ஒன்றில் யாரோ அவரிடம், “பையன் என்ன பண்றான்?” என்று கேட்டிருக்கிறார்.

“ஃப்ரீலான்ஸ்.”

“அப்படின்னா?”

“லான்ஸுன்னா என்னன்னு தெரியல. ஃப்ரீயாத்தான் இருக்கான்.”

சண்டை என்று எதுவும் இல்லை. ஒரே வீடு, ஒரே சாப்பாடு. பேச்சு மட்டும் நேரடி ஒலிபரப்பு கிடையாது. எல்லாம் என் மகள் வழியாக அஞ்சல். “தாயி, கரண்டு பில்லு இன்னிக்குக் கடைசித் தேதின்னு உங்கப்பாகிட்டச் சொல்லு” என்பார், நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே. அந்த ஏற்பாட்டோடுதான் காரில் ஏறினோம். அவர் முன்சீட்டில், எனக்கு இடது கைப்பக்கம். “தாயி, எதுத்தாப்ல லாரி வருதுன்னு சொல்லு” என்று அவர் திரும்பிப் பின்சீட்டுக்குச் சொல்லி, அது அங்கிருந்து எனக்கு வந்து சேர்வதற்குள் லாரி மேல்மருவத்தூர் போயிருக்கும்.

முதல் நிறுத்தம் அச்சிறுபாக்கம் பக்கம், கும்பகோணம் டிகிரி காபி. அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். கிலோமீட்டருக்கு ஒரு போர்டு, பளபளவென்று பித்தளை டபரா டம்ளர். கும்பகோணம் அங்கிருந்து எத்தனையோ காதம்! ‘டிகிரி’ என்பது பாலின் தரத்தை அளக்கும் டிகிரி என்று ஒரு கட்சி, ‘சிக்கரி’தான் மருவி டிகிரி ஆகிவிட்டது என்று ஒரு கட்சி. காபி என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

அப்பா போர்டை நிதானமாகப் படித்தார். “தாயி, இது என்ன டிகிரின்னு கேளு. பி.காம்.மா இருந்தா எனக்கு வேணாம். அதால ஒரு பிரயோஜனமும் இல்ல.”

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். அவர் ஊர்ப் பயணம் எதற்கும் தனிக் கணக்கு உண்டு. பெட்ரோல், டோல்கேட், சாப்பாடு, கோயில் என்று தலைப்புப் போட்டு எழுதுவார். கடைசியாகத் ‘தண்டச் செலவு’ என்று ஒரு தலைப்பு. காபி அதில் போனது.

இரண்டாவது, பெரம்பலூருக்கு அப்பால் மெயின் ரோட்டை விட்டுக் கிழக்கே போனால் வருகிற சாத்தனூர். அங்கே ஒரு மரம் படுத்திருக்கிறது. மரம் என்றால் மரம் இல்லை, கல். 18 மீட்டருக்கும் அதிக நீளம். 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன் உலகத்துக்குச் சொன்னது. சுமார் 12 கோடி வருஷத்துக்கு முன்னால் அந்தப் பக்கமெல்லாம் கடல். அதன் சேற்றில் புதைந்த மரத்தின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தாதுக்கள் புகுந்து, மரம் மறைந்து கல் மிச்சமாகிவிட்டது. பட்டையின் வரியும் கணுவும் அப்படியே தெரிகின்றன. தட்டினால் மட்டும் கல்.

‘மரத்தைப் பார்க்க முப்பது கிலோமீட்டரா’ என்று காரிலேயே உட்கார்ந்திருந்த அப்பா, ஐந்து நிமிஷத்தில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் காலடி வைத்து அளந்தார். அப்புறம் ஒரு பெருமூச்சு.

“தாயி, உங்கப்பாகிட்டச் சொல்லு. ஒரே எடத்துல நெலையாக் கெடந்ததாலதான் இதுக்கு இன்னிக்கு இந்த மரியாதை.”

சும்மா விட முடியுமா? “பாப்பா, தாத்தாகிட்டச் சொல்லு. அது மரமா இருந்தவரைக்கும் யாரும் வந்து பார்க்கல. வேலையை மாத்திக்கிட்டுக் கல்லா ஆனப்புறம்தான் டூரிஸ்ட் வர்றாங்க.”

என் மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “நீங்க ரெண்டு பேரும் நேராவே பேசிக்கக் கூடாதா? பெரிசு பெரிசாச் சொன்னா எனக்கு மறந்து போகுது.”

அப்பா வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல் எது, நிஜ இருமல் எது என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா என்ன?

திருச்சியிலிருந்து நேராக மதுரை ரோட்டைப் பிடிக்காமல், திண்டுக்கல் சுற்றிப் போவது என்று மனைவி லிஸ்டில் இருந்தது. காரணம் இரண்டு. முதல் காரணம் மணப்பாறை.

மணப்பாறை முறுக்குக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, அந்தப் பெயரை வேறு ஊர்க்காரர் போட்டு விற்கக் கூடாது. கடைக்காரம்மாவிடம் மனைவி தொழில் ரகசியம் கேட்டாள். அவர் ஒளிக்கவே இல்லை. “நம்ம ஊரு தண்ணி ஒரு மாதிரி உப்பு கண்ணு, அது ஒண்ணு. இன்னொண்ணு, ஒரு தடவைல வேக விடமாட்டோம். அரை வேக்காட்டுல எடுத்து ஆறப் போட்டுட்டு, மறுபடி எண்ணெய்ல போடணும். ஆற விடாம அவசரப்பட்டா மொறுமொறுப்பு வராது.”

எனக்கு இந்தக் கடைகளிடம் ஒரு தனி மரியாதை. பி.காம். இரண்டாம் வருஷம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே வேறு. ஒரே சரக்கை நம்பாதே, நாலு சரக்கு வை, ரிஸ்க்கைப் பிரி என்பார்கள். இந்தக் கடைகள் அந்தப் பாடம் நடந்த அன்றைக்கு லீவு! ஒரே ஒரு சாமான். அதையும் இரண்டாம் தலைமுறை, மூன்றாம் தலைமுறையாக. நெடுஞ்சாலை ஃபுட் கோர்ட்டில் நாற்பது ஐட்டம் இருக்கும். சாப்பிட்டு வெளியே வந்தால், எந்த ஜில்லாவில் நிற்கிறோம் என்று போனைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆன்லைனில் ஆர்டர் போட்டால் எல்லாம் வீட்டுக்கே வருமே என்று ஆபீஸ் நண்பர்கள் கேட்பீர்கள். வரும். முறுக்குகூட முழுசாகவே வரும். ‘ஆற விடணும் கண்ணு’ வராது.

அப்பா ஒரு முறுக்கை ஒடித்துக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டார். திண்டுக்கல் வரை அது கரைந்தது. அவ்வளவு நேரம் ‘லாரி வருது’ சொல்ல முடியாமல் போனது உபரி லாபம்.

திண்டுக்கல்லில் பூட்டுக் கடை. இது மனைவியின் லிஸ்டில் இரண்டாவது காரணம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு. கையால் செய்கிற பூட்டு. மாங்காய் வடிவில் மாங்காய்ப் பூட்டு, சாவி போட்டுத் திருகினால் மணி அடிக்கிற மணிப்பூட்டு என்று விதவிதமாக இருக்கிறது. அலிகாரிலிருந்து மெஷின் பூட்டு மலிவாக வர ஆரம்பித்ததும், இங்கே பட்டறைகள் குறைந்துவிட்டன. செய்கிறவர்கள் பிள்ளைகளும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

என் மகள் மணிப்பூட்டைப் பதினைந்து தடவை திருகி ‘டிங்’ பண்ணினாள். எந்த இணையதளம் இதற்கெல்லாம் விடும்? கடைக்காரப் பெரியவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

அப்பா பேசாமல் ஒரு மாங்காய்ப் பூட்டை எடுத்தார். கையில் எடை பார்த்தார். காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சாவியைத் திருகினார். டாக்டர் நாடி பார்ப்பதைப் போல இருந்தது.

“எத்தனை லீவரு?”

கடைக்காரர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஏழு. சார் எந்த லைன்?”

“ஜின்னிங் ஆலைல கணக்கு. கல்லாப் பொட்டிக்கு ரெண்டு பூட்டு போட்டிருப்போம், ரெண்டும் உங்க ஊரு பூட்டுதான். ஒரு சாவி மொதலாளிகிட்ட, ஒண்ணு எங்கிட்ட. ரெண்டு பேரும் வந்தாத்தான் பொட்டி தொறக்கும்.”

“எங்க வெச்சிருப்பீங்க?”

“அரைஞாண் கயித்துல. முப்பத்து மூணு வருஷம்.”

மகள் குறுக்கே புகுந்தாள். “குளிக்கிறப்பகூடவா தாத்தா?”

“குத்தாலத்து அருவியிலகூட இடுப்புலதான் தாயி.”

எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு போட்டோ இருக்கிறது. மெயின் அருவி, 1996. எல்லோரும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்துகிறோம். அப்பா மட்டும் ஓரமாக, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ‘மாமா என்ன ஸ்டைலா போஸ் குடுத்திருக்காங்க’ என்று கல்யாணமான புதிதில் என் மனைவி சொல்லியிருக்கிறாள்.

அப்பா கடைக்காரரிடம் பேசிக்கொண்டே போனார். அவருக்கும் ஒரு தொழில்காரர் கிடைத்துவிட்டார் இல்லையா?

“ஞாயித்துக்கெழம பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு எங்க போனாலும், பொழுது சாய ஊருக்குள்ள இருக்கணும். திங்கக்கெழம விடியுமுன்ன சம்சாரிங்க பருத்தி வண்டியோட ஆலை வாசல்ல வரிசை கட்டி நிப்பாங்க. வழியில வண்டி பஞ்சராயி நான் வரலைன்னு வைங்க... பொட்டி தொறக்காது. காசு வாங்கி வித்துக்கடனைக் கட்டணும்னு வந்தவன், வெறுங்கையோட மாட்டைத் திருப்பி ஓட்டிக்கிட்டுப் போவான். ரோட்டுல ஒரு எடத்துல நின்னா காலு நிக்கும். மனசு எங்க நிக்குது?”

“இப்ப சாவி?”

“ரிட்டயரான அன்னிக்கே குடுத்துட்டேன். இடுப்பு லேசாப் போச்சு. தாண்டணும் தாண்டணும்கிறது மட்டும் போகல.”

நான் ஒரு ஷட்டர் பூட்டை ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் ஷட்டரே கிடையாது.

அப்பா மாங்காய்ப் பூட்டுக்கு விலை பேசினார். 650 ரூபாய் சொன்னதை 600-க்குக் கொண்டுவந்து, தன் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். பயணத்தில் அவர் தானாக வாங்கின முதல் சாமான் அதுதான் என்று அம்மா பிறகு சொன்னாள்.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? ஓடுகிற காரில் ஐந்து பேரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம், பஸ்ஸில் போகிற மாதிரி. ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. வண்டி நின்று, இறங்கி, ஒரு கடை வாசலில் வட்டமாக நின்றால்தான் முகம் தெரிகிறது. நடுவில் ஒரு மூணாவது மனுஷர், அதாவது கடைக்காரர், இருந்தால் இன்னும் விசேஷம். வீட்டில் முப்பது வருஷமாக வெளியே வராத பேச்சு அவரிடம் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுகிறது. வீட்டு மனிதர்களிடம் சொல்ல அவர்களுக்குக் கூச்சம். நமக்குக் கேட்கக் கூச்சம். நடுவில் ஒரு பூட்டோ முறுக்கோ இருந்தால் இரண்டு பேருக்குமே சௌகரியம்.

மதுரை தாண்டியாகிவிட்டது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை நீளுகிற 44-ஆம் நம்பர் நெடுஞ்சாலை. விருதுநகரும் தாண்டியாகிவிட்டது. இருட்ட ஆரம்பித்திருந்தது. மனைவியின் லிஸ்டில் பாக்கி கோவில்பட்டி கடலைமிட்டாய் மட்டும்தான். அம்மாவும் மகளும் தூங்கிவிட்டார்கள். அஞ்சல் நிலையமே தூங்கிவிட்டதால் காருக்குள் ஒரே நிசப்தம்.

சாத்தூர் பலகை வந்தது.

“கொஞ்சம் ஓரமா நிறுத்துப்பா.”

யார் பேசியது என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிரேக்கை மிதித்தேனா, தானாக நின்றதா, அதுவும் தெரியவில்லை.

“சார்வீஸ் ரோட்டுல எறங்கு. ஊருக்குள்ள போகணும்” என்றார் அப்பா, நேராக என்னைப் பார்த்து.

சாத்தூர் என்றால் காரச்சேவும் வெள்ளரிக்காயும்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் பேனா நிப்புக்கும் ஒரு காலத்தில் சாத்தூர்தான். தகட்டை அச்சில் வெட்டி, வளைத்து, நடுவில் கீறி, வீட்டுக்கு வீடு குடிசைத் தொழிலாக நடந்திருக்கிறது. பால்பாயிண்ட் வந்தது, ஜெல் பேனா வந்தது, பட்டறைகள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. கணக்குப் பேரேட்டில் மைப் பேனாவால்தான் எழுத வேண்டும் என்றிருந்த காலத்து ஆள் என் அப்பா. நிப் வாங்க ஆலையிலிருந்து சாத்தூருக்குத்தான் வருவாராம். இதையும் நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

அவர் தேடிவந்த கடை அந்தத் தெருவில் இல்லை. அங்கே செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தார்கள். விசாரித்து விசாரித்து, பஜாரில் ஒரு பழைய ஸ்டேஷனரிக் கடைக்கு வந்து சேர்ந்தோம். கடைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து தூசு படிந்த ஒரு தகர டப்பாவை இறக்கினார்.

அப்பா மேஜைமேல் ஒரு பேப்பரை விரித்து நிப்புகளைக் கொட்டினார். ஒவ்வொன்றாக எடுத்து, விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்து, நடுக்கீறலைப் பார்த்து, இடது கட்டைவிரல் நகத்தில் வைத்து மெள்ள அழுத்தினார். கீறல் இரண்டு பக்கமும் சமமாக விரிய வேண்டுமாம். ஒரு பக்கம் சாய்ந்தால் கழித்துவிடுவார். ஐம்பதில் பன்னிரண்டு தேறின. முக்கால் மணி நேரம்! ‘தாண்டிட்டா கவலையில்ல’ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

பன்னிரண்டையும் காகிதத்தில் மடித்து என்னிடம் நீட்டினார்.

“எழுதறேன் எழுதறேன்னு சொல்ற. ஒம்பாட்டுக்குப் போனுல தட்டிக்கிட்டே இருக்க. இதைப் போட்டு எழுதிப் பாரு. மை கொஞ்சமாத் தொடும், கை வலிக்காது.”

“பேனா?”

“எம் பொட்டில ரெண்டு இருக்கு. ஒண்ணு ஒனக்கு.” கொஞ்சம் நிறுத்தி, “காசு நீதான் குடுக்கணும். சம்பாதிக்கிறல்ல?” என்றார்.

ஒரு டஜன் 60 ரூபாய். கொடுத்தேன். என் எழுத்துக்குப் பெரிய பத்திரிகையிலிருந்து முதல் செக் வந்தபோதுகூட அப்படி ஒரு பெருமை வந்ததில்லை.

அதற்கப்புறம் கோவில்பட்டி. 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய கடலைமிட்டாய். கரிசல் மண்ணில் விளைந்த கடலை, வெல்லப்பாகு, மேலே கலர் கலராகத் தேங்காய்ப்பூ. இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேரும்போது ராத்திரி பத்தரை. நேராக வந்திருந்தால் சாயங்காலமே வந்திருக்கலாம் என்று ஊரில் சித்தப்பா சொன்னார். “வந்திருக்கலாம்தான்” என்றார் அப்பா. அவ்வளவுதான்.

மறுநாள் காலை அப்பா குளத்துப் பக்கம் போயிருந்தபோது, என் மகள் அவர் கணக்கு நோட்டை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். தமிழ் வாசிப்புப் பயிற்சி என்று அம்மா விட்டுவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

“கா...பி. அஞ்சு. தண்டச் செலவு” என்று படித்தாள். “முறுக்கு. சாப்பாட்டுச் செலவு... பூட்டு ஒண்ணு. வீட்டுச் சாமான்.”

கடலைமிட்டாய்க்குக் கோயில் கணக்கு எழுதியிருந்தார். எப்படி என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

“அப்பா, நிப்னு இருக்கு. பன்னெண்டு. பக்கத்துல என்னமோ புதுசா எழுதியிருக்காங்க” என்றாள்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். பெட்ரோல், டோல்கேட், சாப்பாடு, கோயில், தண்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பக்கத்தின் அடியில் ஒரு கோடு போட்டு, அந்த நோட்டில் இதுவரை இல்லாத ஒரு தலைப்பு. அதுவும் மைப் பேனாவில்.

‘பையன் தொழில் வகையில்.’